நோன்பு வைக்காத நான், நோன்பு திறக்க அழைத்தால் போகலாமா?

கேள்வி: அலுவலக நண்பர் நோன்பு திறக்க அவருடைய வீட்டுக்கு அழைத்திருக்கிறார். நான் இந்து, நோன்பும் வைக்கவில்லை. போய்ச் சாப்பிட்டால் அவர் வீட்டில் தவறாக நினைப்பார்களா? என்ன கொண்டு போகலாம்?

தாராளமாகப் போங்கள். நோன்பு வைக்காதவர் வந்து உட்கார்ந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்தால்தான் வருத்தப்படுவார்கள்.

கேள்வியைப் பார்த்தால், முஸ்லிம் குடும்பங்கள் இல்லாத தெருவில் வளர்ந்தவர் நீங்கள் என்று தோன்றுகிறது. இந்தத் தயக்கம் உங்கள் குற்றம் இல்லை. ஆனால் "தவறாக நினைப்பார்களா" என்ற சொல் எனக்கு ஒரு பழைய விஷயத்தைக் கிளறிவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்காரன். பேகம்பூர் பக்கம் வீடு. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அங்கே அடக்கமாகியிருக்கிறார், ஊர்ப்பெயரும் அவரால் வந்ததுதான். அப்பா ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினார். ரமலான் மாதம் வந்தால் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு ஒரே வேலை, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருக்கோடிப் பள்ளிவாசலுக்கு ஓடுவது. அப்பாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு. அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும்.

மதியமே நோன்புக் கஞ்சிக்கு விறகடுப்பு மூட்டிவிடுவார்கள். பெரிய தேக்சாவில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், முழுசு முழுசாக உரித்துப் போட்ட பூண்டு, பட்டை, கிராம்பு, வெங்காயம், தக்காளி. சில நாள் கொத்துக்கறி இருக்கும், சில நாள் இருக்காது. கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு மல்லியும் புதினாவும் தூவி இறக்குவார்கள். கஞ்சி காய்ச்சுகிற சமையல்காரரைப் பண்டாரி என்போம்; அந்தப் பண்டாரி தாத்தா துடுப்பைக் கையிலிருந்து கீழே வைக்கவே மாட்டார், வைத்தால் அடிப்பிடித்துவிடும். நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிற்றுக்கு முதலில் போகிற சாப்பாடு, அதில் தீய்ந்த வாசம் வரக்கூடாது என்பார். அஸர் என்கிற பிற்பகல் தொழுகை முடிந்ததும் ஊற்ற ஆரம்பிப்பார்கள். வரிசையில் பாதிப் பேர் எங்களைப் போன்ற இந்து வீட்டுப் பிள்ளைகள். நீ நோன்பா என்று ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. எங்கள் அப்பத்தா படுக்கையில் விழுந்த பிறகு அவருக்குத் தொண்டையில் இறங்கியது அந்தக் கஞ்சி ஒன்றுதான்.

இப்போது 1993க்கு வருகிறேன். 1992 டிசம்பரில் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டது. எங்கள் தெருவில் கலவரம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பேச்சு குறைந்துபோனது. அடுத்த பிப்ரவரிக் கடைசியில் நோன்பு பிறந்தது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. சித்தப்பா வீட்டுக்கு வந்து, "இந்த வருசம் பையனை அங்கே அனுப்ப வேண்டாம் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. தூக்கைக் கழுவித் துடைத்துப் பரணில் வைத்துவிட்டார். அம்மாவுக்கு யார் மீதும் வெறுப்பு இல்லை, பயம் மட்டும்தான். இதைப் படிக்கும் யாரும் அவரைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்று நாள் நான் போகவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் வாசலில் பண்டாரி தாத்தா நிற்கிறார். வேலை நடுவே அடுப்பை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறார், சட்டையெல்லாம் கரி. கையில் அவர் வீட்டுத் தூக்கு, உள்ளே கஞ்சி.

"என்னம்மா, தம்பி நாலு நாளா வரலையே. உடம்பு சுகமில்லையா?"

அம்மா ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, "ஆமா பாய், காய்ச்சல்" என்றார்.

நான் அம்மாவின் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். காய்ச்சலுக்குக் கஞ்சி நல்லது, வெந்தயமும் பூண்டும் கூடுதலாகப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூக்கைத் திண்ணையில் வைத்தார். உள்ளே வரவில்லை, உட்காரவில்லை, அடுப்பு காத்திருக்கிறது என்று போய்விட்டார்.

அன்று இரவு அம்மா அந்தக் கஞ்சியை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்தாரா என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் காலையில் அந்தத் தூக்கைப் புளி போட்டு விளக்கிக் காயவைத்தார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஒரு படி பச்சரிசி அளந்து கொட்டி, மேலே ஒரு தேங்காயை வைத்து, "கஞ்சிக்குப் போட்டுக்கச் சொல்லு" என்று என்னிடம் கொடுத்தார். பரணிலிருந்து எங்கள் தூக்கையும் இறக்கிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு அரசாங்க அரிசி கிடையாது, அது 2001இல்தான் வந்தது. ஊரார் கொடுப்பதை வைத்துத்தான் தினமும் அடுப்பு எரியும். ஒரு படி அரிசிக்கு அங்கே மதிப்பு இருந்தது.

நான் போய் நின்றேன். தாத்தா அரிசியை மூட்டையில் கொட்டினார். பிறகு புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "சூடு இல்லை, சரியாப் போச்சு" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு இல்லாத காய்ச்சல் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்ட மனிதர் அவர். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அவரைப் பார்த்திருக்கிறேன், பேசியிருக்கிறேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. 2004இல் அவர் இறந்தபோது நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், சேதியே ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது.

இதை எழுதினால் "மத நல்லிணக்கப் பாடம் எடுக்க வந்துவிட்டான்" என்று சிலர் சொல்வார்கள் என்று தெரியும். நான் பாடம் எதுவும் எடுக்கவில்லை, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டால் நம் சாமி கோபித்துக்கொள்ளும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்தே போகிறவன். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முருகன் மேல் எனக்கு இருக்கிற பக்தி அந்தக் கஞ்சியால் ஒரு சொட்டும் குறையவில்லை. அதே சமயம், மனம் ஒப்பவில்லை என்றால் கட்டாயப்படுத்திக்கொண்டு சாப்பிடச் சொல்லவும் மாட்டேன். அது அவரவர் விருப்பம்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மஃரிப் பாங்குக்கு, அதாவது சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை அழைப்புக்கு, பதினைந்து நிமிடம் முன்னாடியே போய்விடுங்கள். இந்த மாதத்தில் அது ஆறரை மணி வாக்கில் இருக்கும், நண்பரிடம் சரியான நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டில் பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமோசா எல்லாம் வைத்திருப்பார்கள். நீங்கள் நோன்பு இல்லை என்பதால் முன்னாலேயே சாப்பிடச் சொல்லி உபசரிப்பார்கள். காத்திருங்கள். எல்லோரும் சேர்ந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கிற அந்த நேரத்தில் நீங்களும் இருப்பது நன்றாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து தொழப் போய்விடுவார்கள். தனியாக விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், திரும்பி வந்த பிறகுதான் நிதானமாகச் சாப்பாடும் பேச்சும். நீங்கள் சைவம் என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கஞ்சியில் கறி போடுவதும் உண்டு, போடாமலும் அதே ருசியில் செய்வார்கள். கடைசி நிமிடத்தில் சொன்னால் சமையல் செய்த அம்மாவுக்குத்தான் சங்கடம். கொண்டு போக நல்ல பழம் போதும். தர்பூசணி, திராட்சை, பேரீச்சை எதுவானாலும் சரி. வீட்டில் செய்த சுண்டல் என்றால் இன்னும் சந்தோஷப்படுவார்கள். நோன்பாளிக்கு உணவு கொடுப்பவருக்கு அந்த நோன்பின் நன்மை உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், ஒரு சுற்று முடிய 33 வருடம் ஆகும். அப்படி ஒரு சுற்று முடிந்து, 1993இல் வந்த அதே பிப்ரவரி, மார்ச்சுக்கு இந்த 2026இல் நோன்பு திரும்பி வந்திருக்கிறது. அதற்காகவே மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். வரிசையில் தூக்கு வைத்திருந்தது நாங்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்ற எல்லோருக்கும் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். பள்ளிவாசலை மட்டும் சொல்லவில்லை. ஹோட்டலில் சாம்பார், டீக்கடையில் டீ, எங்கள் கோயிலில் சர்க்கரைப்பொங்கல், எல்லாம் இதே கதைதான். சூடான கஞ்சி பட்டு அந்தக் கவர் இளகி வாசம் அடிப்பது மூக்குக்குத் தெரிகிறது, அதைத்தான் நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றுக்குள் ஊற்றுகிறோம். வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் எடுத்து வருவது அவ்வளவு பாரமாகிவிட்டதா? எனக்குக் கோபமே வந்துவிட்டது.

இப்போது இருக்கிற பண்டாரிக்கு என்னைவிட வயது குறைவு. நசுங்கிய தூக்கை வாங்கி, மேலே வெட்டியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "கணக்கர் வீடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளிம்பு வரை ஊற்றினார்.

உங்கள் நண்பர் வீட்டிலிருந்து கிளம்பும்போது கையில் ஒரு பாத்திரம் கொடுத்தனுப்புவார்கள், அநேகமாகக் கஞ்சி இருக்கும். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியாவது போட்டுக் கொடுங்கள்.