இரண்டரை வில்

அன்புள்ள ஐயா,

வடக்கு டெக்சஸில் உங்கள் வீட்டருகே புயலில் சாய்ந்த வேலி மரத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஒரே கோணல் கட்டையிலிருந்து நான்கு வில் செய்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் தூக்கத்தைக் கெடுத்தது.

என் அப்பா தச்சர். ஏர்க்காலுக்கு நேரான மரம் தேடுவார், கலப்பைக்குக் கோணல் மரம் தேடுவார். இரண்டுக்கும் ஆகாததை அம்மா அடுப்புக்கு எடுத்துக்கொள்வார். உங்கள் படத்தில் இருக்கும் கட்டை பாம்பு மாதிரி நெளிகிறது. அப்பா பார்த்திருந்தால் பேசாமல் அம்மாவிடம் கொடுத்திருப்பார். கோணல் மரத்தில் செய்த வில் அம்பை எப்படி நேராக விடும்? ரம்பத்தில் கொடுத்திருந்தால் ஆறேழு சட்டங்கள் கிடைத்திருக்குமே, எதற்காக ஆப்பு வைத்துப் பிளந்தீர்கள்? நான்கு வில்லும் ஒரே வலுவுடன் இருக்கின்றனவா? எங்கள் பக்கத்து மரங்களில் இதைச் செய்ய முடியுமா? கதை விடுகிறீர்களோ என்ற சந்தேகமும் கொஞ்சம் உண்டு, மன்னிக்கவும்.

அன்புடன்,
மு., ராஜபாளையம்

அன்புள்ள மு.,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் கதை விட்டேன் என்பது உண்மைதான். நான்கு வில் செய்தேன். இன்று சுவரில் தொங்குபவை இரண்டு. மூன்றாவது என் மகளின் விளையாட்டு வில், அதை அரை என்று வைத்துக்கொள்ளலாம். நான்காவது எட்டு நாள் உயிரோடு இருந்தது. ஆக இரண்டரை. கட்டுரையில் நான்கு என்று எழுதும்போது கை கூசவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது கூசியது.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. இங்கே இதை 'போடார்க்' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த 'வில் மரம்' என்ற பெயர் உள்ளூர் வாயில் தேய்ந்து இப்படியானது. டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சா மாநிலங்களில் சிவப்பு ஆற்றை ஒட்டிய பகுதிதான் இதன் சொந்த ஊர். முள் உண்டு, வெட்டினால் பால் வடியும், வைரம் என்கிற கெட்டியான உள்மரம் மஞ்சள் நிறம், காய் முண்டும் முடிச்சுமாகப் பச்சைப் பந்துபோல் இருக்கும். பால், மஞ்சள் வைரம், முண்டுக்காய் என்று சொன்னதும் உங்களுக்கு ஒரு மரம் நினைவுக்கு வர வேண்டும். ஆம், பலாவின் குடும்பம். பலாக்கட்டையிலிருந்து துறவிகளின் துவராடைக்குச் சாயம் எடுப்பதைப்போல, முதல் உலகப் போர்க் காலத்தில் இந்த மரத்திலிருந்து அமெரிக்கப் படையின் காக்கி உடைக்குச் சாயம் எடுத்தார்கள். முள்கம்பி வருவதற்கு முன் அமெரிக்கச் சமவெளி முழுவதும் இதைத்தான் உயிர்வேலியாக நட்டார்கள். 1874-இல் முள்கம்பி காப்புரிமை பெற்று ஊரெல்லாம் பரவியது. அதன் பிறகும் இந்த மரத்துக்கு வேலை போகவில்லை. எளிதில் உளுத்துப்போகாது என்பதால் அந்தக் கம்பியைத் தாங்கும் கம்பமாக நின்றது. என் பக்கத்து வீட்டு வேலியில் நின்றதும் அப்படி நட்ட வரிசையின் மிச்சம்தான்.

அமெரிக்கப் பழங்குடிகளான ஓசேஜ் மக்களும் கொமாஞ்சி மக்களும் இதில் வில் செய்தவர்கள். 1804-இல் நாடாய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் இந்த மரத்தின் சில குச்சிகளை அன்றைய அமெரிக்க அதிபர் ஜெபர்சனுக்கு அனுப்பி வைத்தார். இதில் வில் செய்வதற்காக மக்கள் பல நூறு மைல் நடந்து வருகிறார்கள் என்று கூடவே எழுதினார். சில ஆண்டுகள் கழித்து வடக்கே அரிக்காரா பழங்குடி மக்களின் ஊருக்குப் போன தாவரவியலாளர் ஜான் பிராட்பரி, இந்த மரத்து வில் ஒன்றின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று குறித்து வைத்திருக்கிறார். இவ்வளவு மதிப்புள்ள மரம் நேராக வளர்ந்திருக்கக் கூடாதா என்றால், வளர்வதில்லை. வேலி மரம் வெளிச்சத்தைத் தேடி இப்படியும் அப்படியும் திரும்பும். ஆறு அடி நேரான கட்டை கிடைத்தால் இங்குள்ள வில்காரர்கள் அதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் அப்பாவின் கலப்பை. அவர் ஏன் கோணல் மரம் தேடினார்? நேர் மரத்தில் வளைவை வெட்டி எடுத்தால் வளைவு இருக்கும் இடத்தில் நார் குறுக்கே அறுபட்டுக் கிடக்கும். முதல் உழவில் கல்லில் இடித்தால் அங்கேதான் உடையும். இயற்கையாக வளைந்த மரத்தில் நாரும் வளைவோடு கூடவே போகிறது. வில்லுக்கும் இதே கணக்கு, இன்னும் கறாராக. வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் நீள்கிறது, அதை முதுகு என்போம். நம்மைப் பார்க்கும் பக்கம் நசுங்குகிறது, அது வயிறு. முதுகில் ஒரு நார் பாதியில் அறுபட்டிருந்தால் அந்த இடத்தில் சிம்பு கிளம்பும். கிளம்பிய சிம்பு நிற்காது.

ரம்பத்துக்கு நார் தெரியாது, அது போட்ட கோட்டில் போகும். ஆப்புக்குக் கோடு தெரியாது, அது நாரில் போகும். மரம் நேரானதாக இருந்தால் கோடும் நாரும் ஒன்றாகவே இருக்கும், ரம்பத்தில் தாராளமாக அறுக்கலாம். என் கட்டையில் நீங்கள் சொன்ன ஆறேழு சட்டங்களை எடுத்திருந்தால், பார்க்க நேராக, அழகாக இருந்திருக்கும். ஒவ்வொன்றிலும் நாலைந்து இடத்தில் நார் வெளியே ஓடியிருக்கும். அம்மாவின் அடுப்புக்கு வசதியான அளவு, அவ்வளவுதான்.

பிளக்கும்போது நான் கற்றுக்கொண்ட ஒன்றை மூங்கில் பிளாச்சு எடுப்பவர்கள் சிரித்துக்கொண்டே ஆமோதிப்பார்கள். கட்டையைப் பாதியாகத்தான் பிளக்க வேண்டும். பாதி, பாதியில் பாதி. இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருந்தால் பிளவு நடுவில் போகும். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் பிளவு மெலிந்த பக்கமே சாய்ந்து, கடைசியில் வெளியே ஓடிவிடும். ஒன்பது அங்குலக் குறுக்களவுள்ள என் கட்டை இரண்டாகி, நான்கானது வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சம்மட்டி அடிக்கு அடி உள்ளே நார் படபடவென்று விடும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. குறுக்கே பின்னிக்கிடந்த சில நார்களை மட்டும் கைக்கோடாரியால் வெட்டிவிட்டேன். நான்கு துண்டும் நான்கு பாம்பு.

அவற்றில் ஒரு துண்டு மற்றவற்றைவிட அகலமாக இருந்தது. அங்கேதான் பேராசை பிடித்தது. மூன்றில் ஒரு பங்கை ஒல்லியாகப் பிரித்தால் ஐந்தாவது வில் என்று மனம் கணக்குப் போட்டது. பாதி விதியை வாயால் சொல்லிக்கொண்டே ஓரத்தில் ஆப்பை வைத்தேன். இரண்டடி போனதும் பிளவு ஒல்லிப் பக்கம் திரும்பி ஒரு கணுவில் முட்டி, பெரிய துண்டையும் சிதைத்துக்கொண்டு வெளியே வந்தது. நல்லதாக மிஞ்சியது நான்கடி. மகளின் வில் அப்படிப் பிறந்தது. குதிரை மேலிருந்து எய்த சமவெளி மக்கள் நான்கடியும் அதற்குக் குறைவான வில்லும்தான் வைத்திருந்தார்கள், ஆகவே இது மரபுதான் என்று வீட்டில் சமாதானம் சொன்னேன். அவர்களில் பலர் விலங்கின் தசைநாரை முதுகில் ஒட்டி வலுவேற்றினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வெட்டிய நாளிலேயே எல்லாத் துண்டுகளின் முனைகளிலும் பெயிண்ட் பூசி, பட்டையை உரித்து, ஓர் ஆண்டுக்கு மேல் நிழலில் கிடத்தினேன். பிறகு வருவதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. இந்த மரத்தில் வெளியே வெள்ளை, உள்ளே வைரம். வெள்ளையை முழுவதும் சீவிவிட்டு, வைரத்தில் ஒரே ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, முனையிலிருந்து முனைவரை அந்த வளையத்தின் மேல்தளமே வில்லின் முதுகாக இருக்கும்படி சீவ வேண்டும். இரண்டு கைப்பிடி வைத்த கத்தியைத் தன்னை நோக்கி இழுத்துச் சீவுவார்கள். இரண்டு வளையங்களுக்கு நடுவே வசந்தகாலத்தில் வளர்ந்த மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதில் படும்போது அப்பளம் நொறுங்குவதுபோல் ஓசை வரும். வைரமான தளத்தில் பட்டதும் ஓசை நின்று வழுக்கும். கண்ணைவிடக் காது நன்றாக வேலை செய்கிறது. மரம் நெளியும் இடத்தில் கத்தியும் நெளிய வேண்டும், மேட்டில் ஏற வேண்டும், பள்ளத்தில் இறங்க வேண்டும். கணு வரும் இடத்தில் வளையம் ஒரு சிறு குன்றாக எழும். அதைச் சமப்படுத்தக் கை துறுதுறுக்கும். சமப்படுத்தினால் வளையம் அறுந்துவிடும். சுற்றிக்கொண்டு போய், அங்கே கொஞ்சம் மரத்தைக் கூடுதலாகவே விட்டுவிட வேண்டும்.

எட்டு நாள் வாழ்ந்த வில்லின் கதை இப்படி ஒரு குன்றில் முடிந்தது. அது பிறந்த துண்டில் முறுக்கும் இருந்தது. ஒரு முனையைத் தரையில் படுக்க வைத்தால் மறுமுனை பாதி திரும்பி நின்றது. அதைச் சூடு காட்டி, இறுக்கிக் கட்டி, ஆற விட்டு, இரண்டு தடவையில் சரிசெய்தேன். இந்த மரம் சூட்டுக்கு நன்றாக இணங்கும். அந்த வெற்றியின் மிதப்பில் கணுவின் மேல் அரத்தை இரண்டு இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டேன். தாளின் கனம்தான் போயிருக்கும். எட்டாம் நாள் காலை, முழு இழுப்பில், வெடிச்சத்தத்தோடு அதே இடத்தில் பிரிந்தது. முறுக்கைத்தான் ஊரெல்லாம் சந்தேகித்தது. முறுக்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அம்பு எப்படி நேராகப் போகும் என்று கேட்டீர்கள். அம்பைத் தள்ளுவது மரம் இல்லை, நாண். நாண் எப்போதும் நேர்கோடுதான். வில்லின் முனையில் நாண் மாட்டும் வெட்டைக் குதை என்போம். ஒரு குதையிலிருந்து மறு குதைக்கு நூல் பிடித்துப் பார்க்க வேண்டும், அந்த நூல் பிடியின் மேல் போனால் போதும். நடுவில் மரம் எந்தப் பக்கம் நெளிந்தால் என்ன? உங்கள் அப்பா நூல் அடித்து அதன்மேல் அறுப்பார். நாங்கள் நூல் பிடித்து, அது பிடியைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, பென்சிலை நாரின் போக்கில் விட்டு அகலத்தை வரைகிறோம். நூல் பிடிக்கு வெளியே விழுந்தால் வில் கையில் திரும்பும், நாண் நழுவும். அப்படி விழுந்தால் ஒன்று சூடு காட்டி நகர்த்த வேண்டும், அல்லது பிடியை வேறு இடத்தில் வைக்க வேண்டும். என் இரண்டாவது வில்லில் பெரிய வளைவு ஒன்று நட்டநடுவில் இருந்தது. பிடியை அந்த வளைவிலேயே வைத்தேன். பிடி வளையாத பகுதி, அங்கே கோணல் யாருக்கும் தொந்தரவு இல்லை. பார்ப்பவர்கள் வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்று நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

வலுவைப் பொறுத்தவரை, எதுவும் எதற்கும் சமமில்லை. முதல் வில் ஐந்தரை அடி, முழு இழுப்பில் 45 பவுண்டு விசை. இரண்டாவது 40. மகளுடையது 15. அகலத்தைப் பாதியாக்கினால் வலு பாதியாகும். கனம், அதாவது தடிமன், அப்படி இல்லை, அதன் மும்மடிப் பெருக்கத்தில் வலு மாறும். கனத்தில் பத்தில் ஒரு பங்கு சீவினால் வலுவில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான் ஒரு கட்டையைப் பல வில்லாகப் பிரிக்க முடிகிறது. ஒல்லியான துண்டுக்குச் சற்றே கனம் கூட்டினால் வலு திரும்பி வந்துவிடும். ஆனால் கனம் கூடக் கூட வயிற்றுப்பக்கம் அதிகமாக நசுங்கும். போடார்க் அதைத் தாங்கும், ஐரோப்பாவின் யூ மரமும் தாங்கும். எல்ம், ஆஷ் போன்றவற்றுக்கு அகலம் வேண்டும், அவற்றில் இப்படிக் கஞ்சத்தனம் செய்தால் வயிற்றில் சுருக்கம் விழும்.

உங்கள் பக்கத்து மரங்களில் நான் வில் செய்து பார்த்ததில்லை. ஆகவே மூங்கிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று நம் பழைய இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது அல்லவா? புறக்காழ், அகக்காழ். வில் செய்ய உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு கைப்பழக்கம் உள்ளவர்களின் பிரிவு என்று எனக்குப் புரிந்தது. போடார்க்கில் வெளியே இருப்பதைச் சீவி எறிந்துவிட்டு வைரத்தைத் தேடி உள்ளே போகிறேன். மூங்கிலில் அப்படியே தலைகீழ். வெளித்தோல்தான் முதுகு, அதில் கத்தியே படக்கூடாது. கணுவின் மேட்டையும் முதுகுப் பக்கம் அப்படியே விட்டுவிட்டு, சீவுவதையெல்லாம் உள்பக்கம் சீவுங்கள். வளையத்தைத் தேடும் வேலை உங்களுக்கு இல்லை, மூங்கிலே அதைச் செய்து கொடுத்துவிட்டது. முற்றிய, நன்றாகக் காய்ந்த மூங்கிலாகப் பாருங்கள். அகலமான பிளாச்சாக எடுங்கள். நாண் ஏற்றியதும் ஒரேயடியாக முழுவதும் இழுக்காதீர்கள். ஒரு சாண் இழுத்து, சுவரில் சாய்த்து, வில்லின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா என்று தள்ளி நின்று பார்த்து, விறைப்பான இடத்தில் மட்டும் சீவி, மறுபடி ஒரு சாணுக்கு மேல் நாலு விரல்.

அப்பாவின் ஆப்புகள் வீட்டில் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் ஒன்றைப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் இங்கே கடையில் வாங்கிய இரும்பு ஆப்பு முனை மழுங்கலாக இருக்கிறது, அதை எந்தச் சாய்வில் தீட்டுவது என்று தெரியாமல் இரண்டு மாதமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.