டீச்சரிடம் கேளுங்கள்: பிள்ளை சொல்ல, பெற்றோர் கேட்க

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. இந்த முறை பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் பேசமாட்டாராம். இந்தப் பருவத்தில் என்ன கற்றோம் என்று பிள்ளைகளே எங்களுக்கும் டீச்சருக்கும் கால் மணி நேரம் எடுத்துச் சொல்வார்களாம். நான் எட்டாவதோடு நின்றவள். அவள் இங்கிலீஷ் மீடியம். அங்கே போய் உட்கார்ந்து நான் என்ன செய்ய? வீட்டுக்காரரும் லாரியோடு வெளியூரில் இருப்பார்.
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. உங்களைப் போன்றவர்கள் கேட்கும் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்வார்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம். சிவகங்கைப் பக்கம் நான் வேலை பார்த்தபோது, போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேக எவ்வளவு நேரம், மழைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் என்று ஒரு பெண் ஆராய்ந்தாள். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால் பருப்பு மசிய நேரமாகும். மாவட்ட அளவில் பேசும் முன், பள்ளி வராந்தாவில் வீட்டாரை உட்காரவைத்துப் பேசச் சொன்னோம். அவள் சொல்லி முடித்ததும் அவளுடைய அப்பத்தா கேட்டார்: “ரெண்டும் ஒரே பருப்பாடி? பழைய பருப்புன்னா வேக நேரமாகுமே?”

அவள் நோட்டைப் புரட்டினாள். ஒரு பருப்பு ரேஷனில் வாங்கியது, இன்னொன்று கடையில் வாங்கியது. “அதை நான் பாக்கல அப்பத்தா” என்றாள். அடுத்த சனி, ஞாயிறில் ஒரே பருப்பை இரண்டாகப் பிரித்து மறுபடியும் வேகவைத்துப் பார்த்தாள். போர் தண்ணீரில்தான் அப்போதும் நேரமானது. ஆனால் இப்போது யார் கேட்டாலும் அவளால் பதில் சொல்ல முடிந்தது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்று வகுப்பில் நான் எத்தனையோ தடவை சொன்ன பாடம், பள்ளிக்கூடம் போகாத அந்த அப்பத்தாவின் ஒரு கேள்வியில் அவளுக்குள் இறங்கியது.

இப்படி வெளியாட்களும் உட்கார்ந்து கேட்பதை ஒரு முறையாகவே வைத்திருந்த பள்ளி உண்டு. நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லெம் பகுதியில், ஏழைப் பிள்ளைகள் நிறையப் படித்த சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளி. டெபோரா மையர் என்ற ஆசிரியை 1985-ல் தொடங்கியது. அங்கே படிப்பை முடிக்க மாணவர்கள் தாங்கள் செய்த வேலைகளை 14 தொகுப்புகளாகத் தயாரித்து, ஒரு குழுவின் முன் விளக்கிப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் ஆசிரியர்களோடு, மாணவரே தேர்ந்தெடுத்த பெரியவர் ஒருவரும் இருப்பார். அந்தப் பள்ளி எல்லாப் பாடத்துக்கும் வைத்திருந்த கேள்விகள் ஐந்துதான். இது உனக்கு எப்படித் தெரியும்? இது யாருடைய பார்வை? இதற்கும் வேறு எதற்கும் என்ன தொடர்பு? வேறு மாதிரி நடந்திருந்தால்? இது ஏன் முக்கியம்? இவற்றில் எதைக் கேட்கப் பட்டம் வேண்டும், சொல்லுங்கள்!

மகளிடம், “அம்மாவுக்குத் தமிழில் சொல்லு” என்று தயங்காமல் கேளுங்கள். வகுப்பாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்துவிடலாம். அம்மாவுக்குப் புரியும்படி தன் வார்த்தையில் சொல்ல, உள்ளபடியே புரிந்திருக்க வேண்டும். அழகாக அட்டை போட்ட நோட்டை அவள் நீட்டினால், “முதல்ல எழுதினதையும் காட்டு” என்று கேளுங்கள். சிவப்பு மையில் திருத்திய தாளில்தான் அவள் நடந்த தூரம் தெரியும். மார்க் பேச்சையும் பக்கத்து வீட்டுப் பிள்ளை பேச்சையும் அந்தக் கால் மணி நேரத்தில் தயவுசெய்து எடுக்காதீர்கள். அப்பாவுக்காக இன்னொரு நாள் வீட்டில் சொல்லட்டும்; லாரி நிற்கிற இடத்திலிருந்து வீடியோ காலில் கேட்டாலும் போதும்.

கேள்வி: நான் பிளஸ் ஒன். கற்றதைப் பற்றி எல்லார் முன்னாலும் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றாலே கை நடுங்குகிறது. நண்பர்கள் பிரவுசிங் சென்டரில் ஸ்லைடு செய்து வாங்குகிறார்கள். நானும் வாங்கிவிடலாமா?
– ஒரு மாணவன், ஈரோடு

பதில்: வேண்டாம் தம்பி. வேறு ஒருவர் செய்த ஸ்லைடில் இருந்து யாராவது ஒரு கேள்வி கேட்டால் நடுக்கம் இன்னும் கூடும். உன்னுடைய பொருள் மூன்றை மேசையில் வை: நன்றாக வந்த ஒன்று, முதலில் தப்பாகி அப்புறம் சரியானது ஒன்று, இன்னும் புரியாதது ஒன்று. ரெக்கார்டு நோட்டு, கணக்கு ரஃப் நோட்டு, ஒரு கட்டுரை, எதுவானாலும் சரி. கையில் பொருள் இருந்தால் எல்லார் கண்ணும் அதன் மேல் போகும். நீயும் அதைப் பார்த்தே பேசலாம். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய். உன் வகுப்பில் இல்லாத ஒருவரிடம், தம்பியோ தாத்தாவோ, ஒரு தடவை சொல்லிப் பார். அவர்கள் முழிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே ஓர் உதாரணம் சேர். பதில் தெரியாத கேள்வி வந்தால், “தெரியவில்லை சார், இப்படித் தேடிப் பார்ப்பேன்” என்று சொல். நான் நடுவராக உட்கார்ந்த இடங்களிலெல்லாம் அந்தப் பதிலை மதித்திருக்கிறேன்.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு எடுக்கிறேன். 42 பிள்ளைகள். கற்றதைப் பெற்றோரிடம் ஆளுக்குப் பத்து நிமிடம் சொல்வது என்றால் ஏழு மணி நேரம். பெற்றோர் பலர் தினக்கூலிக்குப் போகிறவர்கள். நடக்கிற காரியமா?
– ஓர் ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஒவ்வொருவராக மேடையேற்றினால் நடக்காது சார். வகுப்பிலும் வராந்தாவிலும் ஆறு இடத்தில் பாய் விரியுங்கள். ஒரே நேரத்தில் ஆறு பேர் தங்கள் வீட்டாரிடம் சொல்லட்டும். ஏழு சுற்று, 70 நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் இடம் இடமாகப் போய்க் கேளுங்கள். மைக், சிறப்பு விருந்தினர், பொன்னாடை எதுவும் வேண்டாம். அவை வந்தால் பிள்ளையின் நேரம் போய்விடும். கூலி போகாத மாலையாகப் பார்த்து வையுங்கள். வர முடியாதவர் வீட்டுப் பிள்ளைக்கு, அது விரும்பும் ஒரு பெரியவர் வரட்டும். சத்துணவு அமைப்பாளர் வந்தாலும் சந்தோஷம்தான். இதற்கு மார்க் போடாதீர்கள். பிள்ளை மேல் உள்ள புகாரை அன்றைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அதற்கு வேறு நாள் இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு நெருக்கடி உண்டு. ஆகவே காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு வைத்துவிடுங்கள். திருத்திய விடைத்தாளும் அப்போது பிள்ளைகள் கையிலேயே இருக்கும்.