எச்பிவி பாசிட்டிவ், அடுத்து ‘டூயல் ஸ்டெயின்’ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் புற்றுநோய் வந்துவிட்டதா?

இல்லை. எச்பிவி என்பது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். பாசிட்டிவ் என்றால் கருப்பை வாயில் அந்த வைரஸ் இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். தங்கினாலும் புற்றுநோயாக மாறப் பல வருடங்கள் ஆகும். அப்படி மாறத் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த டூயல் ஸ்டெயின் சோதனை.

நான் சைட்டாலஜி லேபில், அதாவது செல்களைப் பரிசோதிக்கும் லேபில், மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடு பார்க்கிறவள். சாதாரண பாப் ஸ்லைடில் (கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைச் சாயமிட்டது) செல்லின் கரு பெருத்திருக்கிறதா, கருத்திருக்கிறதா, ஓரம் கோணலாக இருக்கிறதா என்று கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களின் ஸ்லைடு வந்தால் தலைவலிதான். நான் சந்தேகம் என்பேன், பக்கத்து சீட்டு அக்கா நார்மல் என்பார்.

டூயல் ஸ்டெயின் என்றால் அதே செல்களுக்கு இரட்டைச் சாயம். அதில் இரண்டு ஆன்டிபாடிகள், அதாவது குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்பவை. ஒன்று பி16 என்ற புரதத்தைப் பிடித்துப் பழுப்பாக்கும். செல் பிரிவதை நிறுத்தும் புரதம் அது. இன்னொன்று கேஐ-67 என்ற புரதத்தைப் பிடித்துக் கருவைச் சிவப்பாக்கும். பிரிந்துகொண்டிருக்கும் செல்லில்தான் அது இருக்கும். ஒழுங்கான செல்லில் இரண்டும் சேர்ந்து வராது. வாசலில் பூட்டுத் தொங்குகிறது, உள்ளே விளக்கும் எரிகிறது என்றால் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இங்கே புகுந்தது வைரஸ். அதன் இ7 புரதம் செல்லின் ஆர்பி என்ற காவலைச் செயலிழக்கச் செய்துவிடும். பி16 எவ்வளவு குவிந்தாலும் செல் நிற்காமல் பிரியும். பழுப்பும் சிவப்பும் ஒரே செல்லில் தெரிந்தால், அப்படி ஒரு செல் இருந்தாலே பாசிட்டிவ். அதன் வடிவம் எப்படி என்று எங்களுக்குள் சண்டை போட வேண்டியதில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-ல் இதற்கு அனுமதி கொடுத்தது.

பாசிட்டிவ் வந்தாலும் புற்றுநோய் என்று முடிவு கட்டாதீர்கள். கால்போஸ்கோப்பி செய்து, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, தேவைப்பட்டால் சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸி பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை மாற்றமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் அகற்றிவிடலாம், கருப்பையை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. நெகட்டிவ் என்றால் பொதுவாக ஒரு வருடம் கழித்து மறுபடி எச்பிவி பார்ப்பார்கள். அதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், உங்கள் ரிப்போர்ட்டில் வைரஸின் வகை எண் போட்டிருக்கிறதா பாருங்கள். 16 அல்லது 18 என்றிருந்தால், டூயல் ஸ்டெயினுக்குக் காத்திருக்காமல் நேராகக் கால்போஸ்கோப்பி செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.