ஐந்து பேர், ஒரே மதிப்பெண்

வணக்கம் ஐயா,

நான் கூடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ஊட்டிக்குப் போய் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் ஐந்தைந்து பேராகப் பிரித்து, உண்ணிச்செடி (லாண்டானா) பரவுவதைப் பற்றி அசைன்மென்ட் கொடுத்தார்கள். என் குழுவில் மசினகுடி, கோத்தகிரி, மஞ்சூர், ஊட்டி என்று ஆளுக்கொரு ஊர். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பஸ். கடைசியில் எல்லாவற்றையும் நானே எழுதினேன். ஐவருக்கும் ஒரே மதிப்பெண். தனியாகப் படிப்பதே மேல் என்று தோன்றுகிறது.

ஒரு மாணவி, கூடலூர்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். 1913இல் வெளியான அவருடைய கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு ஏறக்குறைய பாதி வலிமைதான் தேறியது. இழுப்பு ஒன்றுசேர்வதில்லை, யார் எவ்வளவு இழுத்தார் என்றும் வெளியே தெரிவதில்லை. உங்கள் தோழர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு வேலை கொடுக்கப்படவே இல்லையே.

ஆனாலும் தனியாகப் படிப்பதே மேல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றார்கள். அக்கறையில்லை, வீட்டுச் சூழல் சரியில்லை என்று ஆசிரியர்கள் ஊகித்தார்கள். யூரி ட்ரைஸ்மன் என்பவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் உழைக்காமல் இல்லை. ஆனால் 18 பேர் தனியாகவே படித்தார்கள். சீன வம்சாவளியினரும் முதலில் தனியாகத்தான் கணக்குப் போட்டார்கள். பிறகு ஒன்றுகூடி, சேர்ந்து சாப்பிட்டு, ஒருவர் விடையை மற்றவர் திருத்தினார்கள். யாருக்குமே வராத கணக்கு உண்மையிலேயே கடினமானது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. தனக்குத்தான் மூளையில்லை என்று நினைத்துக்கொள்வார்.

நான் அப்படி நினைத்தவன். தமிழ் வழியில் படித்துவிட்டு ஊட்டிக்கு வந்து, விடுதியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தேன். கணக்கில் ஒரு பருவம் தோற்றேன். அடுத்த பருவத்தில் பக்கத்து அறைப் படகர் நண்பன் ஒரு கணக்கைச் சொல்லித்தரச் சொன்னான். சொல்ல வாயெடுத்தேன், இரண்டாம் வரியில் நின்றுவிட்டேன். அதுவரை எனக்கே புரியவில்லை என்பது அந்த இரவில்தான் தெரிந்தது. பிறகு இருவரும் சேர்ந்து தேறினோம். அவனுக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இனி உங்கள் உண்ணிச்செடிக்கு வருகிறேன். ஆளுக்கொரு பஸ் என்பதைத் தடையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே இந்தக் குழுவின் சொத்தாகத் தெரிகிறது! கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200க்கும் மேலே. உண்ணிச்செடி உறைபனியைத் தாங்காது. ஐவரும் அவரவர் ஊரில் ஒரே அளவில் ஒரு கட்டம் கட்டிச் செடிகளை எண்ணிவந்தால், ஒரே மலையின் வெவ்வேறு உயரங்கள் உங்கள் கையில் இருக்கும். மஞ்சூர்க் கணக்கை மஞ்சூர்க்காரர்தான் தரமுடியும். நீங்கள் விடிய விடிய எழுதினாலும் அது கிடைக்காது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸ் பள்ளிகளில் செய்தது ஏறக்குறைய இதுதான். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். மற்றவர் துண்டைக் காதுகொடுத்துக் கேட்காமல் யாராலும் பாடத்தை முடிக்கமுடியாது.

உங்கள் ஆசிரியரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். கூடிப் பேசுவதற்கு வாரத்தில் ஒரு வகுப்பு நேரத்தையே ஒதுக்கச் சொல்லுங்கள். மலையில் கடைசி பஸ்ஸை விட்டவர்களின் பாடு அவருக்கும் தெரிந்திருக்கும். மதிப்பெண்ணில் ஒரு பகுதியையாவது அவரவர் கட்டத்துக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்கவேண்டாம், நாளைக்கே அந்த மஞ்சூர் மாணவரிடம் அவர் ஊரில் இந்தச் செடி எங்கே வளர்கிறது, அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.