இண்டெக்ஸ் இருந்தும் குவெரி இழுக்கிறதா? வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்தவை எல்லாமே போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பற்றிய கேள்விகள். (குவெரி என்பது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி. இண்டெக்ஸ் என்பது டேபிள் முழுவதையும் படிக்காமல் தேட உதவும் அடுக்கிய பட்டியல்.)

கேள்வி: ஆர்டர் டேபிளில் நேரத்துக்கு இண்டெக்ஸ் போட்டிருக்கிறேன். ஒரு நாளின் ஆர்டர்களைக் கேட்டால், டேபிள் முழுவதையும் படித்துவிட்டுத்தான் பதில் தருகிறது. ஏன்?

நீங்கள் அனுப்பிய குவெரியில், வேர் (WHERE) என்ற நிபந்தனைப் பகுதியில் நேரத்தை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டிருக்கிறீர்கள். இண்டெக்ஸ் அடுக்கி வைத்திருப்பது நேரத்தை. நீங்கள் தேடுவது அதிலிருந்து பிழிந்தெடுத்த தேதியை. நெடுவரிசையை அப்படியே விட்டுவிட்டு, ‘மார்ச் 1 நள்ளிரவு முதல், மார்ச் 2 நள்ளிரவுக்கு முன்பு வரை’ என்று எல்லை கொடுங்கள். பிட்வீன் வேண்டாம். அது இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும். மார்ச் 2 சரியாக 00:00:00-க்கு வந்த ஆர்டரும் முதல் நாள் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வி: ஒரே ஒரு வாடிக்கையாளரை டெலீட் செய்ய 40 விநாடி ஆகிறது. பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள தனி அடையாளம்) இண்டெக்ஸைத்தான் பயன்படுத்துகிறது என்று எக்ஸ்பிளைன் காட்டுகிறது. அப்புறம் எங்கே நேரம் போகிறது?

வெறும் எக்ஸ்பிளைன் குவெரியை ஓட்டாமல் அதன் பிளானை மட்டும் சொல்லும், இதைக் காட்டாது. எக்ஸ்பிளைன் அனலைஸ் ஓட்டிப் பாருங்கள். ஆனால் அது டெலீட்டை உண்மையிலேயே செய்துவிடும். அதனால் முன்னால் பிகின், பின்னால் ரோல்பேக் போடுங்கள், இடையில் செய்தது ரத்தாகிவிடும். (நான் ஒருமுறை பிகின் போட மறந்தேன். நல்லவேளை, அது சோதனை சர்வர்.)

பிளானின் கடைசியில், ஃபாரின் கீயைச் (ஆர்டரில் உள்ள வாடிக்கையாளர் ஐடி வாடிக்கையாளர் டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு) சரிபார்க்கும் ட்ரிகருக்கு ஆன நேரம் தனி வரியாக வரும். 40 விநாடியும் அநேகமாக அங்கேதான் இருக்கும். வாடிக்கையாளரை நீக்கும்போது ‘இவர் பெயரில் ஆர்டர் ஏதாவது இருக்கிறதா’ என்று ஆர்டர் டேபிளில் தேட வேண்டும். அங்கே வாடிக்கையாளர் ஐடிக்கு இண்டெக்ஸ் இல்லையென்றால், முதல் வரிசையிலிருந்து கடைசி வரை தேடல்தான். ஃபாரின் கீ போட்டால் இண்டெக்ஸும் கூடவே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் இன்னோடிபி எஞ்சினில் வரும். போஸ்ட்கிரெஸில் நாம்தான் போட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் என்றால் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்து இண்டெக்ஸை உருவாக்குங்கள், அதுவரை ஆர்டர் பதிவு நிற்காது.

கேள்வி: நாட் இன் (‘இந்தப் பட்டியலில் இல்லாதவை’) போட்டால் ஒரு வரிசைகூட வரவில்லை. பிழையும் காட்டவில்லை.

உள் குவெரியில் எங்கோ ஒரு நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாத இடம்) இருக்கிறது. ‘இது நல்லுக்குச் சமமா’ என்று கேட்டால் ஆம், இல்லை இரண்டுமே பதிலாக வராது. அதனால் எல்லா வரிசையும் விழுந்துவிடும். நாட் எக்சிஸ்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பட்டியலின் முதல் பக்கம் சட்டென்று வருகிறது. 5,000-ஆவது பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது.

பக்கத்துக்கு 20 என்றால், சுமார் ஒரு லட்சம் வரிசைகளைத் தாண்டச் சொல்லி ஆஃப்செட் கொடுக்கிறீர்கள். அத்தனையையும் படித்துத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் உங்கள் 20 வரும். கடைசியாகக் காட்டிய ஐடியை வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த 20-ஐக் கேளுங்கள். நேராக 5,000-ஆவது பக்கத்துக்குத் தாவ முடியாது, அதுதான் குறை. யார் தாவுகிறார்கள்?

கேள்வி: ‘கோமதி’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். மீதிப் பேரும் கண்ணுக்கு அதே கோமதிதான்!

எனக்குப் பிடித்த கேள்வி. இரண்டு பதிவுகளுக்கும், குறியீடுகளை எண்ணிச் சொல்லும் கேர்_லெங்த் போட்டுப் பாருங்கள். ஒன்று 5 என்றும் இன்னொன்று 6 என்றும் வந்தால் விஷயம் இதுதான்: ‘கோ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு சொற்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல், இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது. பழைய பெயர்களை அதில் ஒருமுறை ஓட்டி அப்டேட் செய்யுங்கள். புதிதாக உள்ளே வரும் பெயரையும், தேடும் சொல்லையும் அதன் வழியாகவே அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் இது சரிசெய்யாது. ‘ஔவை’யை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். அது நிஜமாகவே வேறு எழுத்து, கையால்தான் திருத்த வேண்டும்.