கத்தரித் தோட்டத்தில் நீலப்புள்ளித் தேனீ: மருந்து அடிக்க வேண்டுமா?

கேள்வி: ஐயா, கத்தரி போட்டிருக்கிறேன். மோட்டார் கொட்டகையின் மண்சுவரில் நீலக்கோடு போட்ட தேனீக்கள் ஓட்டையிட்டு வாழ்கின்றன. சில நாள்களாகக் கறுப்பு உடலில் பளிச்சென்ற நீலப் புள்ளிகள் கொண்ட வேறொரு தேனீ அந்த ஓட்டைகளை நோட்டம் விடுகிறது. மருந்து அடிக்கலாமா? என் தேனீப் பெட்டிகளுக்கு ஆபத்தா?
– கத்தரி விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அடிக்க வேண்டாம். பெட்டிகளுக்கும் ஆபத்தில்லை.

நீங்கள் பார்த்தது குயில் தேனீ. தைரியஸ் என்ற பேரினம். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதைப் போல, உங்கள் சுவரில் வாழும் நீலக்கோட்டுத் தேனீ, அதாவது நீலப்பட்டைத் தேனீ, வெளியே போன நேரத்தில் அதன் வளைக்குள் நுழைந்து முட்டையிட்டுவிடும். வளை தோண்டுவதும் இல்லை, மகரந்தம் சேர்ப்பதும் இல்லை. அதனால்தான் அதன் பின்னங்காலில் மகரந்தம் சுமக்கும் அடர்ந்த மயிர் கிடையாது. பொரிந்து வரும் புழு, சொந்தக்காரியின் குஞ்சுக்காகச் சேர்த்துவைத்த உணவைத் தின்று வளரும். அந்தக் குஞ்சு பிழைக்காது. குறிவைப்பது நீலப்பட்டைத் தேனீயையும் அதன் நெருங்கிய உறவுகளையும்தான். பெட்டித் தேனீயை அல்ல.

ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா எங்கும் இந்தப் பேரினம் உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் இயற்கையாக இல்லை. இந்தியாவிலேயே பல சிற்றினங்கள் இருப்பதால், உங்களுடையது எது என்பதைப் புள்ளிகளின் அமைப்பை உருப்பெருக்கியில் பார்த்தால்தான் சொல்ல முடியும். பிறர் உழைப்பில் வாழ்வதால் எண்ணிக்கையில் எப்போதும் குறைவு. எனவே அது கண்ணில் பட்டால், சுவரில் நீலப்பட்டைத் தேனீக்கள் நன்றாகவே பெருகியிருக்கின்றன என்று நான் எடுத்துக்கொள்வேன். பொழுது சாயும்போது செடிகளைப் பாருங்கள்: குயில் தேனீ காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு அப்படியே தூங்கும். பார்க்க வேண்டிய காட்சி!

நீலப்பட்டைத் தேனீதான் உங்களுக்கு முக்கியம். கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனித் துளை வழியாகத்தான் மகரந்தத்தை விடும். இந்தத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்க்கிறது. பெட்டித் தேனீயால் அது முடியாது. குயில் தேனீ சில குஞ்சுகளைக் கொண்டுபோகும், உண்மைதான். ஆனால் சுவரில் மருந்து அடித்தால் இரண்டும் சேர்ந்து சாகும்.

கத்தரியின் தண்டையும் காயையும் குடையும் காய்த்துளைப்பான் புழுவுக்கு, வாடிய தண்டுகளைக் கிள்ளி அழியுங்கள், அதன் அந்துப்பூச்சியை வாசனையால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். தெளித்தே ஆக வேண்டுமென்றால், தேனீ நடமாட்டம் அடங்கிய மாலையில் தெளியுங்கள். கொட்டகைக்குச் சிமென்ட் பூசும் எண்ணம் இருந்தால், ஓட்டைகள் உள்ள பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.