வீட்டு முற்றத்தில் பிக்கப்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் அதிகமானவை டீசல் பிக்கப்பைப் பற்றியவை. பரந்தனுக்குப் பக்கத்தில் சிறிய கராஜ் வைத்திருப்பவன் என்பதால் எனக்கும் இது மனதுக்குப் பிடித்த விஷயம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஐந்துக்குப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, என்னிடம் பழைய ஹைலக்ஸ் நிற்கிறது, 2.8 லீற்றர் இஞ்சின். ஒயில் மாற்றுவதற்கு மட்டும் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் ஒரு நாளை வீணாக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் நானே மாற்றலாமா? (விசுவமடு)

தாராளமாக மாற்றலாம், தம்பி. ஆனால் ஒயிலுக்கு முதல், வண்டியைத் தூக்கும் ஜக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பழகிய காலத்தில், மழையில் ஊறிய மண்ணில் ஜக்கை வைத்து ஒரு பிக்கப்பைத் தூக்கினேன். கீழே படுக்கப் போன நேரம் 17 ஆம் நம்பர் ஸ்பானரை எடுக்காமல் வந்தது நினைவுக்கு வந்து எழும்பிப் போனேன். திரும்பி வருவதற்குள் ஜக் சரிந்து வண்டி பொத்தென்று இறங்கிவிட்டது. அந்த ஸ்பானரை மறக்காமல் இருந்திருந்தால் இன்று இதை எழுத நான் இல்லை. அதற்குப் பிறகு ஜக்கை மட்டும் நம்பி நான் எந்த வண்டிக்குக் கீழும் போனதில்லை.

மணல் முற்றமென்றால் ஜக்குக்குக் கீழே தடித்த பாலைப் பலகை ஒன்று வையுங்கள். தூக்கியதும் சசிக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே இரும்பு ஸ்ராண்ட் கொடுங்கள். அது இல்லையென்றால் அகலமாக அறுத்த மரக்குற்றி போதும். சீமெந்துக் கல் மட்டும் வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். உங்கள் ஹைலக்ஸ் நாலு சில்லும் இழுக்கும் உயரமான வகையென்றால் தூக்கவே தேவையில்லை, அப்படியே கீழே கை போகும்.

இனி ஒயில். இஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடான ஒயில்தான் அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். கையைச் சுடாத அளவுக்கு ஆறியதும் இஞ்சினின் அடியில் ஒயில் வடியும் நட்டைக் கழற்றி, அரை மணித்தியாலம் வடிய விடுங்கள். நட்டோடு இருக்கும் வாசரைத் தொலைத்துவிடாதீர்கள். அது நசிந்திருந்தால் புதிது போடுங்கள், பெரிய விலை இல்லை. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் இறப்பர் வளையம் இஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அதைக் கவனிக்காமல் புதியதைப் பூட்டினால், இரண்டு வளையத்துக்கும் இடையால் ஒயில் முழுவதும் பீறிவிடும். புதிய வளையத்தில் விரலால் ஒயில் பூசி, வளையம் தொட்டதும் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு இறுக்குபவர்கள்தான் அடுத்த முறை கழற்ற முடியாமல் என்னிடம் வருகிறார்கள்.

நம் வெக்கைக்கு 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கும் டீசல் இஞ்சின் ஒயில் பொருந்தும். உங்கள் இஞ்சின் ஏறத்தாழ 6 லீற்றர் பிடிக்கும். முதலில் 5 லீற்றர் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து ஒயில் அளவு பார்க்கும் குச்சியைப் பார்த்து மிச்சத்தை விடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டுக்குக் கிட்ட நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டுவதும் கூடாது. மறுநாளே ஒயில் கறுத்துப்போனால் பயப்படாதீர்கள். டீசல் இஞ்சினில் கரி கலப்பது இயல்பு, அது ஒயில் வேலை செய்கிறது என்பதன் அடையாளம். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு மேல் விடாதீர்கள்.

கழிவு ஒயிலை வேலிக் கட்டைகளுக்குக் கறையான் பிடிக்காமல் பூசுவது நம் ஊர் வழக்கம். கிணற்றடிப் பக்கத்துக் கட்டைகளை விட்டுவிடுங்கள். மிச்சத்தை நிலத்தில் ஊற்றவே வேண்டாம். நாம் குடிப்பது அந்த நிலத்தின் தண்ணீரைத்தான்.

டாஷ்போர்டில் மஞ்சள் லைற் ஒன்று எரிகிறது. வண்டி ஏற்றத்தில் இழுக்க மாட்டேன் என்கிறது. வயலுக்கென்று பீப்பாயில் வைத்திருந்த டீசலைத்தான் ஊற்றினேன். கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் சரிவரும் என்கிறார்கள். செய்யலாமா? (மல்லாவி)

செய்யாதீர்கள் அண்ணை. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

அந்த மஞ்சள் லைற் சொல்வது டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்பதை. டீசலை விடத் தண்ணீர் கனமானது, அதனால் அடியில் போய் நிற்கும். பில்டரின் அடியில் பிளாஸ்ரிக் திருகு ஒன்று இருக்கிறது. கீழே உள்ளே தெரிகிற ஒரு வெள்ளைப் போத்தலைப் பிடித்துக்கொண்டு, அதைக் கையால் இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். பில்டருக்கு மேலே இருக்கும் கைப்பம்பை அமத்த அமத்தத் தண்ணீர் இறங்கும். போத்தலில் தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயுமாகப் பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். சுத்தமான டீசல் மட்டும் வரத் தொடங்கியதும் திருகைக் கையாலேயே மூடி, கைப்பம்பு இறுகும் வரை அமத்திவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள். பத்து நிமிட வேலை. பில்டர் மாற்றினாலும் இதே மாதிரித்தான். புதிய பில்டருக்குள் கானிலிருந்து டீசலை ஊற்றிப் பூட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, ஊற்றும் டீசலோடு தூசும் போகும். கைப்பம்பு இருப்பதே அதை நிரப்பத்தான்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால், உங்கள் பீப்பாயிலிருந்துதான். பாதி காலியான பீப்பாய்க்குள் இரவில் ஈரம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் சேரும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்பாக வழுவழுவென்று படியும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று சேர்த்த டீசலைப் பலர் கான்களில் பூட்டி வைத்தார்கள். அடுத்த வருடம் முழுக்க என் கராஜுக்கு வந்த வண்டிகளின் பில்டரில் இந்தக் கறுப்புத்தான். சேமித்துத்தான் ஆகவேண்டுமென்றால் நிழலில் முழுவதுமாக நிரப்பி வையுங்கள், அடியில் நாலு விரல் அளவை வண்டிக்கு எடுக்காதீர்கள், ஊற்றும்போது மெல்லிய வலையால் வடியுங்கள். வண்டியின் தாங்கியையும் பின்னேரமே நிரப்பிவிட்டால் இரவில் வியர்க்க இடமிருக்காது.

சரி, மண்ணெண்ணெய். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நம் வயதுக்காரருக்குத் தெரியும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது, கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கார்களை ஓட்டினோம். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அப்படித்தான். அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன், என் கையாலும் செய்திருக்கிறேன். ஆனால் அவை பெற்றோல் இஞ்சின்கள். டீசல் இஞ்சினின் கதை வேறு.

டீசல் பம்புக்குள்ளே ஆயிரக்கணக்கான இறாத்தல் அமுக்கத்தில் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டு ஓடுகின்றன. உங்கள் வண்டி வகையின் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, ஓடுகிற டீசலே அதற்கு ஒயில். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. கலக்கும்போது வண்டி நன்றாக ஓடுவது போலத்தான் இருக்கும், உள்ளே தேய்மானம் நடந்துகொண்டிருக்கும். பிறகு சூட்டில் ஸ்ராட் ஆகாது, ஓட்டம் ஏறி இறங்கும், கடைசியில் பம்பையே கழற்ற வேண்டிவரும். அதற்கு ஆகும் காசில் பல வருடத்துக்கு ஒயிலும் பில்டரும் வாங்கலாம். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்த நாட்களில் இலாபம் என்று கலந்தார்கள். 2022 ஓகஸ்ட்டில் அது 340 ஆனதோடு அந்தக் கணக்கும் போய்விட்டது. அப்படியும் பழக்கம் விடவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

கணவர் வெளிநாட்டில். பிக்கப்பை நான்தான் ஓட்டுகிறேன். கறுப்புப் புகை வருகிறது, டீசலும் கூடக் குடிக்கிறது. (துணுக்காய்)

தங்கச்சி, முதலில் காற்று பில்டரைத் திறந்து பாருங்கள். பெட்டியின் கிளிப்புகளைக் கையாலேயே கழற்றலாம். கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று அர்த்தம். சோளகம் வீசும் மாதங்களில் உங்கள் பக்கத்துக் கிறவல் றோட்டில் முன்னால் ஒரு உழவு இயந்திரம் போனால் போதும், பின்னால் வருகிற வண்டி செம்மண்ணைக் குடிக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீற்றர் கணக்கு தார் றோட்டுக்கானது. நீங்கள் வெயில் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள்.

தாள் பில்டரைக் கழுவக் கூடாது. மெதுவாகத் தட்டி, காற்றடிப்பதென்றால் உள்ளேயிருந்து வெளியே அடியுங்கள், அமுக்கம் குறைவாக. பிறகு உள்ளே ரோச் லைற்றைப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை அளவு வெளிச்சம் நேரே தெரிந்தாலும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குங்கள். அந்தத் துளையால் போகும் மண் சிலிண்டரை அரம் போல அராவிவிடும். பெட்டிக்குள்ளே இருக்கும் தூசை ஈரத் துணியால் துடையுங்கள், காற்றடிக்காதீர்கள்.

பில்டர் சுத்தமாக இருந்தும் புகை நிற்காவிட்டால், சிலிண்டருக்குள் டீசலை விசிறும் இன்ஜெக்டரைக் கராஜில் காட்ட வேண்டும். நீலப் புகை ஒயில் எரிவது. வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து போனால் பரவாயில்லை. வண்டி சூடான பிறகும் வந்து, றேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் உடனே நிறுத்துங்கள்.

முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றுகிறேன். பிக்கப்பின் பின்பெட்டி உக்கிப்போகிறது. றேடியேற்றரும் இரண்டு தடவை அடைத்துவிட்டது. (முள்ளியவளை)

இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் பெட்டியின் மூலைகளிலும் சசியின் உள்ளேயும் நிற்கிறது. ஓட்டம் முடிந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வடியும் துவாரங்களைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். காய்ந்ததும் கிறீஸ் நிப்பிள்களுக்கு, அதாவது கிறீஸ் ஏற்றும் சிறு முனைகளுக்கு, பழைய கிறீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். கழிவு ஒயில் விசிறுபவர்கள் பிறேக்கிலும் இறப்பர் புஷ்களிலும் படாமல் பார்க்க வேண்டும்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படைதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. இஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ற்றையும் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அவசரத்துக்கு மாரியில் பிடித்து வைத்த சுத்தமான மழைத்தண்ணீர் நல்லது. சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

வவுனியாவில் ஓடிய பழைய ஹைலக்ஸ் ஒன்றை வாங்கியிருக்கிறேன். வீட்டில் தொடக் கூடாத வேலை எது? (ஒட்டுசுட்டான்)

டைமிங் பெல்ட். வால்வுகளையும் பிஸ்ரனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல் வைத்த பட்டி அது. எல்லா இஞ்சினிலும் பெல்ட் இருக்காது, ஆனால் பழைய ஹைலக்ஸின் 2.4, 2.8, 3.0 லீற்றர் டீசல்களில் இருக்கிறது. 1,00,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். சில வண்டிகளில் அந்த நேரம் டாஷ்போர்டில் அதற்கென்று ஒரு லைற்றும் எரியும். அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி இஞ்சினின் மேல்பாகம் போய்விடும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் பிழைதான், அதனால் பழகிய கையிடம் கொடுங்கள்.

கைமாறி வந்த வண்டியின் மீற்றரை நம்ப வேண்டாம். எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு இந்த மாதமே மாற்றுங்கள். மாற்றிய அன்றே திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு தாளில் எழுதி, பெல்ட் மூடியில் ஒட்டச் சொல்லுங்கள்.